வாய்க்குத் தெரியாத பத்தியம்

மைன்கிராஃப்ட் விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஆக்சோலாட்டலை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2021-இல் அந்த விளையாட்டுக்குள் நுழைந்த நாள் முதல் இந்த மெக்சிகோ சாலமாண்டர் உலகெங்கும் சிறுவர்களின் செல்லம். இளஞ்சிவப்பு உடல், கழுத்தின் இரு பக்கமும் இறகு இறகாய் விரிந்த செவுள்கள், இமையில்லாத சின்னக் கண்கள், எந்நேரமும் சிரித்தபடி இருக்கும் வாய். அதே ஆண்டு மெக்சிகோவின் மத்திய வங்கி வெளியிட்ட 50 பேசோ நோட்டிலும் இதன் படம் ஏறியது. விளையாட்டில் இரண்டு ஆக்சோலாட்டல்களை ஜோடி சேர்க்க வேண்டுமானால், வாளியில் வெப்பமண்டல மீனைப் பிடித்து வந்து ஊட்ட வேண்டும். திரையில் அது சரி. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அதையே செய்கிறவர் ஒரே வாளியில் மூன்று நான்கு தவறுகளைச் சேர்த்துக் கொட்டுகிறார். அவை என்னென்ன என்று பிறகு பார்ப்போம். முதலில் இந்தப் பிராணியின் வாயைப் பார்த்துவிட வேண்டும். தீனி பற்றிய கேள்விகளில் பாதிக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

ஆக்சோலாட்டல் கடித்து மெல்லும் பிராணி அல்ல. பற்கள் உண்டு. விரலை வைத்தால் சொரசொரப்பு மட்டும் தட்டுப்படும் அளவுக்கு அவை சிறியவை. பிடித்த இரை நழுவாமல் இருக்க உதவும்; கிழிக்கவோ அரைக்கவோ உதவாது. இரையைப் பிடிக்கும் வேலையை வாய்க்குள் பாயும் நீர்தான் செய்கிறது. தொண்டைக்கு அடியில் இருக்கும் நாவடிச் சட்டம் சட்டென்று கீழே இறங்க, வாயறை விரிகிறது. உள்ளே அழுத்தம் குறைந்ததும், எதிரே இருக்கும் நீர் இரையையும் இழுத்துக்கொண்டு உள்ளே பாய்கிறது. வாய் மூடியபின் நீர் மட்டும் செவுள் இடுக்குகள் வழியே வெளியேறுகிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கவனமாகப் பார்த்தாலும் புழு நகர்ந்து போனது கண்ணில் படாது. இருந்தது, இப்போது இல்லை, அவ்வளவுதான் தெரியும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. எதிரே இருப்பது இன்னதென்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கட்டமே இதில் இல்லை. ஆக்சோலாட்டலுக்குக் கண்பார்வை மந்தம். மோப்பம், உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக்கோடு, உயிருள்ளவை வெளியிடும் நுண்ணிய மின்புலத்தை அறியும் உறுப்புகள் ஆகியவற்றை நம்பித்தான் கலங்கிய நீரில் அது இரை தேடுகிறது. மூக்குக்கு எதிரே ஏதாவது அசைந்தால் வாய் திறந்துவிடும். புழுவோடு அடியில் கிடந்த கூழாங்கல்லும் உள்ளே போகும். கசப்பாக இருந்தால் துப்பிவிடும்தான். ஆனால் கூழாங்கல்லுக்கு ருசி கிடையாது. விழுங்கிய கல் வெளியே வராமல் குடலை அடைத்துக்கொண்டால் பிழைப்பது கடினம். அனுபவசாலிகள் தொட்டியின் அடியை வெறுமனே விடுகிறார்கள், அல்லது மிக நைசான மணல் போடுகிறார்கள். கல் வைத்தே ஆகவேண்டும் என்றால் ஆக்சோலாட்டலின் தலையைவிடப் பெரிய கல்லாக வைக்கிறார்கள். கடையில் விற்கும் வண்ண வண்ணச் சரளைக் கற்கள் மீனுக்குச் சரி, இதற்கு ஆகாது.

ஆக, "இது என்ன சாப்பிடும்?" என்று கேட்டுப் பயனில்லை. எதை வேண்டுமானாலும் சாப்பிடும். பத்தியம் என்பது அந்த வாய்க்குத் தெரியாது. வளர்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சொந்த ஊரில் இந்தச் சிக்கல் எழவில்லை. மெக்சிகோ நகரத்தின் தெற்கே சோச்சிமில்கோ என்ற பகுதியின் ஏரியும் கால்வாய்களும்தான் ஆக்சோலாட்டலின் பூர்வீகம். பக்கத்தில் இருந்த சால்கோ ஏரியிலும் வாழ்ந்தது. அந்த ஏரி வடிக்கப்பட்டுவிட்டது. குளிர்ந்த, மெதுவாக ஓடும் அந்த நீரின் அடிமண்ணில் புழுக்கள், பூச்சிகளின் இளம்புழுக்கள், நத்தைகள், அகோசில் என்று மக்கள் அழைக்கும் சிறிய நன்னீர் இறால் வகை, எப்போதாவது ஒரு குட்டி மீன். உறிஞ்சிய வாய்க்குக் கிடைத்ததெல்லாம் மென்மையானது, சிறியது, முழுசாக விழுங்கக் கூடியது. அந்தக் கால்வாய்களில் வேட்டையாடிகளின் உச்சத்தில் இதுவே இருந்தது. பிறகு மக்களுக்குப் புரதம் கிடைக்கட்டும் என்று கெண்டை இன மீன்களையும் திலாப்பியாவையும் கொண்டுவந்து விட்டார்கள். அவை ஆக்சோலாட்டலின் இரையில் பங்கு கேட்டன, முட்டைகளையும் தின்றன. நகரத்தின் கழிவுநீர் மீதியைச் செய்தது. மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் சாம்ப்ரானோவும் குழுவினரும் எடுத்துவரும் கணக்குப்படி, 1998-இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 ஆக இருந்த எண்ணிக்கை 2014-இல் 36 ஆகிவிட்டது. இன்று உலகின் ஆக்சோலாட்டல்களில் மிகப் பெரும்பாலானவை தொட்டிகளில்தான் வாழ்கின்றன. அவற்றில் ஏராளமானவை 1864-இல் மெக்சிகோவிலிருந்து பாரிஸுக்குக் கப்பலில் போன 34 விலங்குகளின் வழித்தோன்றல்கள். அப்படிப் பார்த்தால் 160 ஆண்டுகளாக இந்தக் குடும்பத்துக்குச் சாப்பாடு போடுவது மனிதக் கைதான்.

அந்தக் கை போட வேண்டிய முதல் சாப்பாடு மண்புழு. வளர்ந்த ஆக்சோலாட்டலுக்கு மண்புழு மட்டுமே கொடுத்து வந்தாலும் பெரிய குறை வராது. வேறு எந்த ஒற்றைத் தீனியைப் பற்றியும் இவ்வளவு துணிந்து சொல்ல மாட்டேன். நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் மண்புழுவின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு புரதம். கொழுப்பு குறைவு. ஓடு கிடையாது, முள் கிடையாது, எலும்பு கிடையாது. நீருக்குள் விழுந்த பிறகும் வெகுநேரம் உயிரோடு நெளியும். அதனால் அசைவும் மணமும் சேர்ந்தே கிடைக்கும், தண்ணீரும் சீக்கிரம் கெடாது.

ஆனால் மண்புழுவின் உண்மையான சிறப்பு அதன் கால்சியம். எலும்புள்ள எந்தப் பிராணிக்கும் உணவில் கால்சியமும் பாஸ்பரஸும் ஏறக்குறைய சரிசமமாகவோ, கால்சியம் சற்றுத் தூக்கலாகவோ இருக்க வேண்டும். பாஸ்பரஸ் மட்டும் மிகுந்தால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். அதைச் சரிக்கட்டப் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து எடுக்கச் சொல்லும். மாதக்கணக்கில் இப்படியே போனால் தாடை மென்மையாகும், முதுகெலும்பு வளையும். பெரும்பாலான பூச்சிகளிலும் தசை இறைச்சியிலும் கணக்குப் பாஸ்பரஸ் பக்கமே சாய்ந்திருக்கிறது. மண்புழு விதிவிலக்கு. அதன் உணவுக்குழாயின் ஓரத்தில் சுண்ணச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை கால்சியம் கார்பனேட்டைச் சுரக்கின்றன. மண்புழுக்களைப் பற்றி 1881-இல் டார்வின் எழுதிய புத்தகத்திலேயே இந்தச் சுரப்பிகளுக்கு விரிவான இடம் உண்டு. போதாததற்குப் புழுவின் குடல் முழுவதும் மண். விழுங்கப்படும் ஒவ்வொரு புழுவோடும் ஒரு சிட்டிகை தாதுப்பொருளும் சேர்ந்தே உள்ளே போகிறது.

எந்த மண்புழு என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். இங்கேதான் நம் ஊர் வாசகருக்கு நேரடியாக ஒரு செய்தி இருக்கிறது. மண்புழு உரம் தயாரிப்பவர்களிடம் எளிதாகக் கிடைக்கும் புழுக்களில் ஒன்று ஐசீனியா ஃபெடிடா. செம்பழுப்பு உடல், ஒவ்வொரு வளையத்துக்கும் இடையே மங்கலான மஞ்சள் பட்டை. உள்ளங்கையில் வைத்து லேசாக அழுத்தினால் மஞ்சள் நிறத்தில் ஒரு திரவம் கசியும். மோந்து பார்த்தால் போதும். நெடி மூக்கைச் சுளிக்கவைக்கும். எதிரியை விரட்ட அந்தப் புழு வைத்திருக்கும் ஆயுதம் அது. அதிலிருக்கும் லைசெனின் என்ற புரதம் முதுகெலும்பிகளின் செல் சவ்வில் துளை போடக்கூடியது. நிறைய ஆக்சோலாட்டல்கள் இந்தப் புழுவை வாய்க்குள் இழுத்த வேகத்திலேயே துப்பிவிடுகின்றன. பாதியாக வெட்டிப் போட்டால் திரவம் இன்னும் அதிகம் கசியும். கொதிநீரில் ஒரு நொடி முக்கி எடுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பசித்த ஆக்சோலாட்டல் அப்படியும் தின்னும். இருந்தாலும் அதே உரக்கிடங்குகளில் வளர்க்கப்படும் யூட்ரிலஸ் யூஜீனியே கிடைத்தால் அதையே வாங்கலாம். ஆப்பிரிக்க மண்புழு என்று சொல்வார்கள். அளவில் பெரியது, சாம்பல் கலந்த ஊதாப் பளபளப்பு, நெடி இல்லை. அமெரிக்காவில் தூண்டில் இரையாக டப்பாவில் விற்கப்படும் பெரிய மண்புழுவுக்கு நம் பக்கத்தில் நல்ல மாற்று இதுதான்.

தோட்டத்தில் தோண்டியெடுத்த புழு கூடாதா என்றால், தாராளமாகக் கூடும். அந்தத் தோட்டத்தில் பூச்சிமருந்தும் ரசாயன உரமும் விழாமல் இருந்தால். இருவாழ்விகளின் தோல் மெல்லியது. நஞ்சு வயிற்றுக்குப் போய்த்தான் வேலை காட்ட வேண்டும் என்பதில்லை. எந்தப் புழுவானாலும் ஓரிரு நாள் ஈரமான காகிதத்திலோ தேங்காய் நார்த்தூளிலோ வைத்திருந்து, குளோரின் நீங்கிய நீரில் கழுவிப் போடுவது நல்லது. அளவுக்குப் பொதுவான கணக்கு, ஆக்சோலாட்டலின் இரண்டு கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிடப் புழு தடிமனாக இருக்கக் கூடாது. குட்டிக்கு வெட்டித்தான் கொடுக்க வேண்டும். வெட்ட மனம் வராதவர்கள் ஆக்சோலாட்டல் வளர்க்கும் யோசனையையே ஒத்திப்போடலாம். இது சைவமாக மாற்றக்கூடிய பிராணி அல்ல.

மாட்டு இதயத்துக்கு வருவோம். பழைய கையேடுகள் பலவற்றில் அது சிபாரிசு செய்யப்பட்டிருக்கும். மீன் வளர்ப்பவர்களிடமிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம். கொழுப்பு குறைந்த தசை, மலிவு, வெட்ட எளிது. ஆனால் 100 கிராம் மாட்டு இதயத்தில் கால்சியம் சுமார் 7 மில்லிகிராம், பாஸ்பரஸ் 200 மில்லிகிராமுக்கு மேல். சரிசமமாக இருக்க வேண்டிய கணக்கு 1-க்கு 30 என்று கிடக்கிறது. மேலே சொன்ன எலும்புக் கரைப்புக்கு இதைவிட நேர்வழி இல்லை. தவிர, பாலூட்டிகளின் கொழுப்பு நம் உடல் சூட்டில் இளகி இருப்பது. 17 டிகிரி நீரில் கிடக்கும் பிராணியின் வயிற்றில் அது உறைந்த நிலையிலேயே இருக்கும். கோழி, ஆடு, பன்றி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். மாதம் ஒருமுறை ஒரு சின்னத் துண்டு போட்டால் செத்துவிடாது. போடவேண்டிய அவசியமும் இல்லை.

இனி அந்த வாளி மீன். முதல் தவறு முள். முழுசாக விழுங்கும் தொண்டையில் நிமிர்ந்த துடுப்பு முள் சிக்கினால் கீழேயும் போகாது, மேலேயும் வராது. இரண்டாவது, மீன் சும்மா இருக்காது. அசையும் செவுள் இழைகளைப் புழு என்று எண்ணிக் கொத்தும். அசையாமல் கிடக்கும் ஆக்சோலாட்டலின் தோலைச் சுரண்டும் மீன்களும் உண்டு. இரையாக விட்டது வேட்டைக்காரனாகிவிடும். மூன்றாவது ஒட்டுண்ணிகள், இரைக்கென்று மொத்தமாக வளர்க்கும் மீன்கள் நெரிசலில், நோயோடு வளர்பவை. நான்காவதுதான் வெளியே தெரியாதது. அதற்கு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குப் போக வேண்டும்.

1930-களில் அங்கே ரோமத்துக்காக நரி வளர்க்கும் பண்ணை வைத்திருந்தார் சாஸ்டெக் என்பவர். அவருடைய நரிகளுக்குத் திடீரென்று கால் தளர்ந்தது, பசி போனது, வலிப்பு வந்து ஒவ்வொன்றாகச் செத்தன. தொற்றுநோய் என்றுதான் முதலில் தேடினார்கள். கடைசியில் பிடிபட்டது தீவனத்தில் கலந்திருந்த பச்சை மீன். கெண்டை போன்ற சில மீன்களின் உடலில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பி1 உயிர்ச்சத்தான தயமினைச் சிதைத்துவிடும். மீனில் சத்து குறைவாக இருந்தது என்பதல்ல விஷயம். அந்த மீன், கூடச் சாப்பிட்ட மற்ற உணவின் சத்தையும் சேர்த்து அழித்தது. வேகவைத்தால் நொதி செயலிழக்கும். நரம்புக்குத் தயமின் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பண்ணை நரிகள் காட்டின. சாஸ்டெக் வாதம் என்றே கால்நடை மருத்துவத்தில் அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. தங்கமீன் கெண்டையின் நெருங்கிய உறவு. மீன்கடையில் ரூபாய்க்கு இத்தனை என்று இரைக்காக விற்கும் குட்டித் தங்கமீன்களை வாரக்கணக்கில் தின்னும் ஆக்சோலாட்டல், பார்வைக்கு வயிறு நிறைந்துதான் இருக்கும்.

கப்பி மீனில் இந்த நொதித் தொல்லை இல்லை. வீட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்த, நோயில்லாத கப்பிகளை எப்போதாவது விடுவதில் பெரிய ஆபத்து இல்லை. அதை விருந்து என்று வைத்துக்கொள்ளலாம், சாப்பாடு என்று அல்ல.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். உறைந்த கட்டிகளாக விற்கும் பிளட்வார்ம், அதாவது கொசுவைப் போன்ற ஒரு பூச்சியின் சிவப்பு இளம்புழு, குட்டிகளுக்கு நல்ல தீனி. வளர்ந்ததற்கு அதையே கொடுப்பது பொரியைத் தின்று பசியாறச் சொல்வதுபோல. டியூபிஃபெக்ஸ் புழு நம் ஊர் மீன்கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். சாக்கடைச் சேற்றிலிருந்து அள்ளப்படுவது என்பதால் நான் அதன் பக்கமே போகச் சொல்ல மாட்டேன். மீல்வார்ம் என்ற வண்டுப் புழுவுக்குக் கைட்டின் ஓடு கெட்டி. மெல்லத் தெரியாத வயிற்றுக்கு அது கட்டுப்படியாகாது. தோலும் தலையும் நீக்கிய, உப்போ மசாலாவோ சேராத இறால் துண்டு எப்போதாவது கொடுக்கலாம். மூழ்கும் பெல்லட்டைப் பலர் ஏளனமாகப் பேசுகிறார்கள், அது நியாயமில்லை. அமெரிக்காவில் ஆய்வகங்களுக்கு ஆக்சோலாட்டல்களை வளர்த்து அனுப்பும் கென்டக்கி பல்கலைக்கழக மையத்தில், சால்மன் மீனுக்கென்று தயாரான மென்மையான பெல்லட்டைத் தின்றே பெரியவை வளர்கின்றன, முட்டையும் இடுகின்றன. நூற்றுக்கணக்கில் வளர்க்கும் இடத்தில் புழு வெட்டிக்கொண்டிருக்க முடியாது. வீட்டில் புழு தீர்ந்துபோன வாரத்துக்கு ஒரு டப்பா பெல்லட் இருப்பது நல்லதுதான். மிதக்கும் வகையை வாங்கிவிடக் கூடாது. அடியில் இரை தேடும் பிராணி மேலே மிதப்பதைத் தேடி வராது.

குட்டிகளின் கதை முற்றிலும் வேறு. முட்டையிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் வெளிவரும் குட்டி ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டியிருக்கும். கால்கள் கிடையாது. முதல் இரண்டு மூன்று நாள் வயிற்றில் மிச்சமிருக்கும் கருவூண் போதும். அது தீர்ந்ததும் பசி தொடங்கும். ஆனால் அசையாத எதையும் அது உணவு என்று ஒப்புக்கொள்ளாது. தூள் தீவனம் போட்டால் பக்கத்திலேயே அது கிடக்க, குட்டி பட்டினியில் சாகும். உயிரோடு துள்ளும் ஒரு இரை, அதுவும் அரை மில்லிமீட்டர் அளவில் வேண்டும். மனிதன் கண்டுபிடித்த வழி ஆர்ட்டீமியா. நம் கடலோர இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் வேலை செய்தவர்களுக்குப் பழக்கமான பெயர். தூத்துக்குடி உப்பளப் பாத்திகளில் இயற்கையாகவே வாழும் உப்புநீர் உயிரி இது. அதன் முட்டை உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் டப்பாவில் தூங்கும். உப்புநீரில் போட்டு, காற்றுக் குமிழ் விட்டு, 26 முதல் 28 டிகிரி வெதுவெதுப்பில் வைத்தால் ஒருநாள் போக்கில் பொரிந்துவிடும்.

பொரிந்ததைப் பிரிப்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. காற்றை நிறுத்தினால் வெறும் ஓடுகள் பழுப்புப் படலமாக மேலே மிதக்கும். பாட்டிலின் அடிப்பக்கம் ஒரு டார்ச்சைக் காட்டினால் உயிருள்ளவை எல்லாம் வெளிச்சத்தை நோக்கி வந்து ஆரஞ்சு நிற மேகமாகத் திரளும். அதைக் குழாயால் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடித்து, நன்னீரில் அலசிக் குட்டிகளுக்கு விட வேண்டும். அலசாவிட்டால் உப்பு சேரும். நேரம் கடத்தினாலும் பயனில்லை. அந்த ஆரஞ்சு நிறம் ஆர்ட்டீமியாவின் சொந்தக் கருவூண், மணி ஏற ஏற அதுவே அதைச் செலவழித்துவிடும். ஒருநாள் பழசான ஆர்ட்டீமியாவில் அசைவு இருக்கும், சத்து குறைந்திருக்கும். வயிறு நிறைந்த குட்டியைக் கண்டுபிடிப்பது எளிது. ஒளி ஊடுருவும் உடலுக்குள் வயிறு ஆரஞ்சுப் பொட்டாகத் தெரியும்.

முன்கால்கள் முளைக்கும் பருவத்தில் இன்னொரு இரை அவற்றின் கண்ணில் படும்: உடன்பிறப்பின் கால். பக்கத்தில் அசைவதெல்லாம் இரை என்ற அதே விதிதான். நெரிசலும் பசியும் சேர்ந்தால் காலையில் பார்க்கும்போது பாதிக் குட்டிகளுக்கு ஒரு காலோ வால் நுனியோ இருக்காது. ஆக்சோலாட்டல் என்பதால் அது மறுபடி வளர்ந்துவிடும். உலகத்து ஆய்வகங்கள் இதைக் கொண்டாடுவதே அதற்காகத்தான். ஆனாலும் வளர்க்கிறவர் செய்ய வேண்டியது, ஒரு நாளைக்கு இரண்டு வேளை தீனியும் தனித்தனிக் கிண்ணங்களும்.

தீனி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆக்சோலாட்டலின் வரலாற்றில் ஒரு விசித்திரமான அத்தியாயம் உண்டு. 1912-இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தவளையின் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டு சுரப்பியைத் தின்னக் கொடுத்தார். அவை காலத்துக்கு முன்பே குட்டித் தவளைகளாக மாறின. அடுத்த ஆண்டு பிராக் நகரில் லாஃப்பெர்கர் என்பவர் ஆக்சோலாட்டலில் அதையே செய்து பார்த்தார். அது அதிகம் பேசப்படவில்லை. 1920-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜூலியன் ஹக்ஸ்லி தன் ஆக்சோலாட்டல்களுக்கு மாட்டின் தைராய்டைத் தீனியாகப் போட்டார். ஆயுள் முழுக்க நீரிலேயே, இளமை மாறாமல் வாழும் அந்தப் பிராணியின் செவுள்கள் சுருங்கின, வால் துடுப்பு மறைந்தது, கண்ணுக்கு இமை வந்தது. தரையில் நடக்கும் சாலமாண்டராகி வெளியே வந்துவிட்டது. நேச்சர் இதழில் அவர் எழுதிய குறிப்பு நாளிதழ்களுக்குப் போய், இளம் விஞ்ஞானி உயிர் ரகசியத்தைக் கண்டுவிட்டார் என்கிற அளவுக்குப் பரபரப்பாகியது.

ஆக்சோலாட்டலுக்குத் தைராய்டு சுரப்பி இல்லாமல் இல்லை. அதைத் தூண்ட வேண்டிய மூளையடிச் சுரப்பியின் உத்தரவுதான் போதிய வலுவில் வருவதில்லை. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடல் காத்திருந்ததுபோல் மாறிவிடும். வளர்ப்பவருக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. வளர்ச்சிக்கு நல்லது என்று அயோடின் சொட்டுகளையோ மனிதருக்கான சத்து மருந்துகளையோ கலந்துவிடக் கூடாது. மாற்றம் பாதியில் நின்றால் பிராணி பிழைக்காது. முழுசாக மாறியதும் பெரும்பாலும் நெடுநாள் வாழ்வதில்லை. ஒழுங்காக வளர்ந்தால் 10 முதல் 15 ஆண்டு இருக்க வேண்டிய உயிர் அது.

எவ்வளவு, எப்போது என்பது கடைசிக் கேள்வி. குட்டிகளுக்குத் தினமும். ஓராண்டு தாண்டி, 20 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒன்றோ இரண்டோ நல்ல புழு. மேலிருந்து பார்க்கும்போது வயிறும் தலையும் ஒரே அகலத்தில் இருந்தால் கணக்குச் சரி. வயிறு தலையைத் தாண்டினால் ஒரு வேளையைக் குறைக்க வேண்டும். தொட்டிக்கு அருகே ஆள் வந்தாலே அது வாயைத் திறந்து மேலே பார்க்கும். அதைப் பசி என்று நம்பிப் போட்டுக்கொண்டே இருப்பவர்கள்தான் அதிகம். விளக்கை அணைத்த பிறகு, பிளாஸ்டிக் இடுக்கியில் புழுவைப் பிடித்து மூக்குக்கு எதிரே லேசாக ஆட்டினால் வாங்கிக்கொள்ளும். மீந்ததை அன்றே எடுத்துவிட வேண்டும். ஊறிக் கரையும் பெல்லட்டும் செத்த புழுவும் அழுகி அம்மோனியா ஆகும். அது முதலில் எரிப்பது அந்த அழகான செவுள்களைத்தான்.

நீரின் வெப்பம் 16 முதல் 18 டிகிரி. 24-ஐத் தாண்டினால் ஆபத்து. சென்னை, மதுரைத் தொட்டிகளில் தண்ணீர் ஆண்டில் பெரும்பகுதி இந்தக் கோட்டுக்கு மேலேதான் நிற்கும். வெப்பம் ஏறினால் உடலின் ஓட்டம் கூடும், நீரில் ஆக்சிஜன் குறையும், விழுங்கியது ஒழுங்காகச் செரிக்காமல் குடலில் வாயு சேரும். உணவைக் கக்கும், அல்லது தலைகீழாக மிதக்கும். சில்லர் என்கிற குளிரூட்டியை வாங்க முடியாதவர் எவ்வளவு உயர்ந்த புழுவை வாங்கியும் பயனில்லை. இங்கேயே சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சோலாட்டல், சைட்ஸ் என்ற பன்னாட்டு வன உயிரின வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம். 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். விற்கும் கடைக்காரர் இதைச் சொல்லாமல் விட்டால் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

திடீரென்று சாப்பிட மறுத்தால் பலரும் முதலில் மெனுவை மாற்றுகிறார்கள்: புழு வேண்டாமா, இறால் இந்தா, பிளட்வார்ம் இந்தா என்று. தின்னாதவை எல்லாம் அடியில் சேர்ந்து நீர் இன்னும் கெடும். முதலில் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். பிறகு பரிசோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமா என்று பார்க்க வேண்டும். செவுள்கள் முன்னோக்கி மடங்கியிருந்தாலோ, வால் நுனி சுருண்டிருந்தாலோ அது நீரைப் பற்றிய புகார். நீர் சரியான சில நாட்களில் தானாகவே புழுவுக்கு வாய் திறக்கும். நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரிய ஆக்சோலாட்டல் ஒரு வாரம் தீனியில்லாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டாரிடம் புழு டப்பாவைக் கொடுத்துப் போவதைவிட, தொட்டி குளிர்ச்சியாக இருக்கிறதா என்று தினம் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லிப் போகலாம்.